அணையாத பிளாஷ்

மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறிக்கும் வேலை அவளுக்கு. தெருவே அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடும். பதினோரு வருடம் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள். அவள் எழுதிய எண்ணை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அலுவலகம் அவள் கையில் ஒரு போனைத் திணித்தது. இனிமேல் கண்ணால் பார்த்தால் போதாதாம், படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அந்தப் போனில் படம் எடுக்கப் போனாலே, கேட்காமல் பிளாஷ் அடிக்கும். அதை அணைக்க ஒரு வழியும் வைக்கவில்லை அந்த மகராசர்கள்.

மற்ற வீடுகளில் எப்படியோ ஒப்பேறியது. வசமாக மாட்டியது அவள் நாத்தனார் வீடுதான். அங்கே மாடிப்படிக்கு அடியில், இருட்டு மூலையில், சீல் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் மீட்டர். பிளாஷ் கண்ணாடியில் பட்டு, குறி பார்த்தது போல எண்களின் மேலேயே வெள்ளையாக விழும். இரண்டு மாதப் படங்களும் திரும்பி வந்துவிட்டன. இந்த மாதமும் திரும்பினால், வீட்டுக்காரர் மீட்டரைக் காட்ட மறுத்ததாகப் பதிவாகும். மறுநாள் காலையில் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நாத்தனாரோ வீட்டில் மின்சாரத் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள்.

“ஏன் அண்ணி, எல்லார் வீட்டு மீட்டரும் உங்க போனுக்குத் தெரியுது, என் வீட்டுது மட்டும் கண்ணைக் கரிக்குதா?”

“எனக்கு நல்லாத்தான்டி தெரியுது. இந்தச் சனியனுக்குத்தான் தெரியலை.”

“அப்ப பிளாஷை நிறுத்துங்க.”

“நிறுத்த முடிஞ்சா நிறுத்த மாட்டேனா?”

நின்று எடுத்தாள், குனிந்து எடுத்தாள், குந்தி எடுத்தாள், கையைக் குறுக்கே வைத்து எடுத்தாள். நாலு முறையும் அதே வெள்ளை. போனைச் சுவரில் அடித்து நொறுக்கலாமா என்று வந்தது. நாத்தனார் உள்ளே போய்க் கறுப்புத் துணியில் ஒரு துண்டு வெட்டி வந்து, பிளாஷின் மேல் வைத்து டேப் ஒட்டினாள். பிறகு ஒரு டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். ஐந்தாவது படத்தில் அத்தனை எண்ணும் அச்சடித்தது போல வந்திருந்தது. இரண்டு பேரும் அந்த இருட்டு மூலையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அடுத்த தெருவுக்குள் நுழைவதற்குள் போன் கத்தியது. பிளாஷ் பதிவாகவில்லை, படம் செல்லாது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையாளர் முன்னால் நின்றாள்.

“எண் தெரியலையா சார்?”

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “தெரியுதேம்மா. நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு, ரெண்டு. அழகா இருக்கே.”

“அப்புறம் என்ன சார்?”

“பிளாஷ் இல்லையே. ஆப் ஏத்துக்காது. நான் என்ன பண்ண?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, ஒளிக்க ஒரு முயற்சியாவது இருக்கிறது. இவர் காயை மேஜைமேல் வைத்துக்கொண்டே இல்லை என்கிறார்.

அவர் ஒரு தாளை நகர்த்தினார். நாளைக்குத் துண்டிக்க வேண்டிய இணைப்பு ஒன்றே ஒன்று, நாத்தனார் வீடு. ‘மீட்டரைக் காட்ட மறுத்தார்’ என்று அச்சாகியிருந்தது. கீழே எண் குறிப்பவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் லைன்மேன் கம்பத்தில் ஏற மாட்டார்.

“சீக்கிரம் போடும்மா.”

கை கடுக்க டார்ச் பிடித்தவளைக் காட்ட மறுத்தவள் என்று எழுதியிருக்கிறார்கள்; அதற்கு இவள் சாட்சியாம். அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். மேலே எழுதினாள்: ‘மூன்று மாதமும் காட்டினார். நானே பார்த்தேன். 47182.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“என்னம்மா இது? அடிச்சுத் திருத்தின தாளை லைன்மேன் கையிலகூட வாங்க மாட்டான். இது செல்லாது.”

“செல்லாதா சார்? அப்ப சரி,” என்று பேனாவை மூடினாள்.