கிழங்கு விளக்குக்கு இரண்டு டிக்கெட்

சுவிஸில் நாங்கள் இருந்த சிற்றூரில், இலையுதிர் காலம் முடிகிற நேரம் பிள்ளைகள் விளக்கு ஊர்வலம் போவார்கள். ஊதாத் தோல் கொண்ட பெரிய கிழங்கைக் குடைந்து, நிலவும் நட்சத்திரமும் செதுக்கி, உள்ளே மெழுகுதிரி ஏற்றித் தூக்கிக்கொண்டு பாடியபடி நடப்பார்கள். என் மகளுக்குக் கிழங்கு குடைந்து கொடுப்பது அவளுடைய அப்பா. உணவகத்தில் சமையல் வேலை செய்பவர். கத்தி அவர் சொன்னபடி கேட்கும்.

மகளுக்கு எட்டு வயதானபோது அவளும் நானும் லண்டனுக்கு வந்துவிட்டோம். இங்கே வேலை சரிவந்ததும் அவரும் வருவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு இழுபட்டுக்கொண்டே போனது.

அந்த ஆண்டு ஊர்வலம், இங்கே பள்ளியின் ஹாஃப் டேர்ம் விடுமுறை முடிகிற சனிக்கிழமை வந்தது. அந்த வழித்தடத்தில் இரண்டு விமானக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது அன்றைக்கே குறைக்கும். ஒன்று பை இலவசம் என்றால் மற்றது பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம் என்றது. என் போனுக்கு வரும் விளம்பரங்களை மகள்தான் முதலில் வாசிப்பாள்.

“அம்மா, ரெண்டு பேரும் எங்களைத்தான் கூப்பிடினம்,” என்றாள்.

சாப்பாடு தருகிற கம்பெனியை அவளே தேர்ந்தெடுத்தாள். சனி காலை போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். எங்கள் தெருப் பிள்ளைகள் பேய் வேஷத்தில் கதவைத் தட்டினார்கள். பள்ளித்தோழி கூப்பிட்டும் மகள் போகவில்லை. தனக்கு நாளைக்கு இருக்கிறது என்று சொல்லி, வாசலில் நின்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள்.

காலையில் விமான நிலையப் பலகையில் எங்கள் விமானத்துக்கு எதிரே ரத்து என்று இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனியின் கவுண்டருக்கு ஓடினேன். வரிசை நீண்டிருந்தது. கவுண்டரில் இருந்த இளம்பெண் எனக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னாள்: ஆட்கள் போதாததால் இதை நாளைய விமானத்தோடு சேர்த்துவிட்டார்கள். என் முறை வந்தது. பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள்.

“அன்ரி, எனக்கும் இப்பதான் சொன்னவை. என்னால ஒண்டும் செய்ய ஏலாது.”

இன்று பின்னேரம்தான் ஊர்வலம் என்றேன். பிள்ளை அப்பாவைப் பார்த்துப் பல மாதம் என்றும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை. மற்றக் கம்பெனியின் கவுண்டருக்குப் போனேன். அங்கே கடைசி இடமும் சற்று முன்னர் போய்விட்டதாம்.

மகள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் அழவில்லை.

“அப்பா கிழங்கை வெட்டிட்டாரோ?” என்று மட்டும் கேட்டாள்.

வெட்டியிருந்தார். நான் அவருக்குப் போன் எடுத்தபோது முன்தினமே முடித்துவிட்டதாகச் சொன்னார்.

பின்னேரம் வீட்டில் இருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. பிள்ளைகளின் வரிசையில் எங்கள் வீட்டு மனிதர் மட்டும் பிள்ளையில்லாமல், ஒரு கையில் விளக்கும் மறுகையில் போனுமாக நடந்துகொண்டிருந்தார். செதுக்கிய நட்சத்திரங்களை மகள் பார்க்கட்டும் என்று விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பிள்ளைகள் பாடுவது பெரிய சத்தமாகக் கேட்டது. மகளும் கூடப் பாடத் தொடங்கினாள். விளக்குக்குள் வெளிச்சம் அணைந்ததைக் கண்டு இடையில் நிறுத்திவிட்டாள்.

“அப்பா, மெழுகுதிரி நூந்திட்டுது.”

அவருக்குக் கேட்கவில்லை. சிரித்தபடி நடந்தார். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். அவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தார். போனை என்னிடம் நீட்டினாள். நானும் கத்தினேன்.

அவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இருண்டுபோன கிழங்கை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.