ஹாலில் ஒட்டிய பாத்ரூம் டைல்ஸ்

மயிலாப்பூரில் எங்கள் ஹால் சுவரில் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியவள் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். வீடு எனக்கும் அண்ணாவுக்கும் பொது. நான் இங்கே குடியிருக்கிறேன், அவன் அடையாறில் ஃப்ளாட்டில். இதை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரைப் பிடித்து வைத்திருந்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவன் சுவரைக் காட்டினான். தரையிலிருந்து இரண்டடிக்கு ஓதம் ஏறி, பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆத்துச் சுவரே உளுத்துப்போச்சு. வர ஐப்பசி மழைக்கு இது காஞ்சு நின்னா நான் வாயே தொறக்கல. நிக்கலேன்னா நீ கையெழுத்துப் போடணும்" என்றான்.

சரி என்றேன். புத்தி கெட்டவள்.

அவசரத்தில் பக்கத்துத் தெரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவன் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சிமெண்ட் பூசி நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிட்லாம் மேடம். அப்பறம் ஓதம் எங்கேர்ந்து வரும்? எல்லா வூட்லயும் இதான் போட்டுக்கினு கீறாங்க." எல்லா வீட்டிலும் போடுகிறார்கள் என்றால் நமக்கு அது போதாதா? ரோஜாப்பூ போட்ட டைல்ஸ் ஹாலுக்கு வந்தது. இந்த ஊரில் ஈரத்தைக் காயவைக்க யாருக்கும் பொறுமை கிடையாது, மறைக்கத்தான் ஆள் இருக்கிறது.

மூன்றே மாதத்தில் டைல்ஸுக்கு மேலே, ஐந்தாவது அடியில், உப்புப் பூத்தது. வெளியேறும் வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறத்தானே செய்யும். கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டடி ஏத்திட்லாம்" என்றான். அப்படியே மேல்தளம் வரைக்கும் போய்விடேன் என்றேன்.

"போட்லாம் மேடம், அதே டிசைன் ஸ்டாக் கீது."

நான் நக்கல் செய்தது அவனுக்குப் புரியவே இல்லை. அவனை அதோடு அனுப்பிவிட்டேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். அவர் ஹாலுக்குள் வரவே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்து, கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே நின்றார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். தண்ணீர் முழுக்க நேராக ஹால் சுவரின் அடிக்கு ஓடி அங்கேயே தேங்கியது.

"செவுத்து மேல தப்பு இல்லம்மா. தரையை யாரு இப்டி போட்டது?"

அண்ணாதான். அவன் கல்யாணத்தின்போது கொல்லைக்கு சிமெண்ட் போட்டான், சாய்வைச் சுவர்ப்பக்கமாக வைத்து. அன்றிலிருந்து நான் துவைத்த துணியின் தண்ணீரையெல்லாம் சுவர் குடித்திருக்கிறது. அவன் செய்ததை அவனே எனக்கு எதிராகக் காட்டியிருக்கிறான்.

கொல்லைத் தரையின் சாய்வை மாற்றினோம். டைல்ஸைப் பெயர்த்து, செங்கல்லை ஒரு மாதம் காற்றாட விட்டு, புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசினார் மேஸ்திரி. பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடுமாம். ஓதத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்த நானே காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் தெளித்தேன். பெயிண்ட் வேண்டாம் என்று வெள்ளையடித்ததோடு விட்டோம்.

ஐப்பசியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் தினமும் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

மழை விட்டதும் அண்ணா வந்தான், கையில் ஒரு ஃபைலோடு. சுவரை மேலிருந்து கீழே தடவினான். விரலை மடக்கித் தட்டினான்.

"நன்னாக் காஞ்சிருக்கு" என்றான்.

"இவ்வளவு கெட்டியா இருக்கே, இடிக்கறதுக்கே பத்து நாள் ஆகும் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஃபைலைத் திறந்து பேனாவை நீட்டினான்.

"காஞ்சு நின்னா வாயே தொறக்கலேன்னியே, அண்ணா."

"நீ எங்கே சரி பண்ணப்போறேன்னு நெனச்சுண்டு சொன்னேன்."

பேனாவை வாங்கினேன். மூடியைப் போட்டு, அவன் சட்டைப் பையிலேயே செருகினேன்.