கடைவாய் என்ற பெயர் யாருக்கு

2003 ஜூன் 9 — முதல் இணைப்பு: 0 மணி 42 நிமிடம்
2007 ஜூன் 30 — கடைசிப் பதிவு. மொத்தம்: 3,116 மணி 25 நிமிடம்
தம்பி: 2,204 மணி 10 நிமிடம்
மற்றவர்: 912 மணி 15 நிமிடம்
2009 ஆகஸ்ட் 31 — விளையாட்டு மூடல்
2025 ஜனவரி 6 — பெயர்ப் பதிவு தொடக்கம்
2025 ஜனவரி 21 — மறுதிறப்பு. வரிசை எண்: 11,482. காத்திருப்பு: 3 மணி 51 நிமிடம்
2025 ஜனவரி 31 — புகார். இணைத்த பக்கங்கள்: 64

என் தம்பி பல்செட்டு செய்பவன். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவன் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவான். முப்பத்தொரு வருடமாக இதுதான் வேலை. வேலை தொடங்குமுன் மருத்துவருக்குப் போன் போட்டு, "இது அந்த ஆளோட வாய்தானா?" என்று கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். பதினோராவது வருடத்தில் ஒரு தடவை இரண்டு பெட்டிகள் மாறித்தான் வந்திருந்தன. அன்றோடு அவனைத் திருத்தும் வாய்ப்பு போயிற்று. பால் வெள்ளையாக இருந்தால் ஏன் இவ்வளவு வெள்ளை என்பான். பஸ் நேரத்துக்கு வந்தால் இது நேற்று வரவேண்டிய பஸ்ஸாக இருக்கும் என்பான்.

நான் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடியில் என் அறை. கீழே தம்பியும் அவன் மனைவியும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரே தொலைபேசி. இணையத்துக்குப் போனாலும் அதே கம்பிதான். புயல் நேரத்தில் நிலையத்திலிருந்து எனக்கு எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். ஆகவே கம்பி எவ்வளவு நேரம் யாரால் அடைபட்டிருந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். தொலைபேசி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார். நான்கு வருடம் ஒரு நாள் விடாமல் எழுதினேன்; நான் நிலையத்தில் இருந்த நேரத்துக்கு அவரவரைக் கேட்டு எழுதினேன். 2007இல் பிராட்பேண்ட் வந்ததும் நிறுத்தினேன்.

தம்பி அந்தக் கம்பியை அடைத்தது ஒரு விளையாட்டுக்காக. பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பவர்கள் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே கற்பனை நாட்டுக்குள் நுழைவார்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு தொழில். கூட்டமாகச் சேர்ந்து கோட்டைக்கும் சுரங்கத்துக்கும் போய்ப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். தம்பி அங்கே வைத்தியன். அடிபட்டவர்களை எழுப்பிவிடுவது வேலை. பெயர் கடைவாய். அவனோடு ஆறு பேர் சேர்ந்த குழு ஒன்று இருந்தது, எல்லாரும் தமிழில் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண்மணி. எங்கோ லாரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை. அவளைக் கேப்டன் என்பார்கள். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் தம்பி மனிதர்களை நம்பினான் என்றால் அது அந்த ஆறு பேரை மட்டும்தான். விளையாட்டை மூடியபோது இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போன டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதே விளையாட்டு, அதே பழைய படங்கள், அதே கஷ்டத்தோடு மறுபடி திறக்கப் போகிறார்களாம். இரவுச் சாப்பாட்டில் தம்பியே பேச்சை எடுத்தான்.

"ஆசை காட்டி மோசம் பண்ண இதைவிட நல்ல வலை கிடையாது. செத்தவன் திரும்பி வந்து கதவைத் தட்டினா தெறப்பியா?"

"தட்டுறது யாருன்னு பாத்துட்டுத் தெறப்பேன்," என்றாள் அவன் மனைவி.

"நான் போக மாட்டேன். முடிஞ்சது முடிஞ்சதுதான்."

அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள், டம்ளர் நிரம்பி வழியும்வரை. படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் அவள். கை அளவு தப்பாதவள். எனக்கு அப்போதே என்னவோ போலிருந்தது.

ஜனவரி ஆறாம் தேதி பெயர்ப் பதிவு தொடங்கியது. போக மாட்டேன் என்றவன் அன்று மாலையே மாடிக்கு வந்து, "அண்ணா, இந்தக் கம்பெனி முகவரி நிஜம்தானான்னு பாரு," என்றான். பழைய கடிதங்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். எனக்குத் திருப்தி, அவனுக்கில்லை. ஒன்பது நாள் சோதித்தான். பதினைந்தாம் தேதி ஒருவழியாகப் பெயரைத் தட்டினான். இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது.

"எவனோ என் பேரைத் தூக்கிட்டான்," என்றான். முகம் வெளுத்திருந்தது.

வேறு வழியில்லாமல் அவன் பதிந்துகொண்ட பெயர் உண்மைக்கடைவாய். உண்மை என்று பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவனை யார் நம்புவார்கள் என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

திறப்பு நாளன்று மனைவியிடம் காரணம் சொல்லாமல் லீவு போட்டான். உலகமே வாசலில் நின்றது போலிருக்கிறது. திரையில் வரிசை எண் 11,482 என்று வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எண் குறைவது நின்றால், "பாத்தியா, தெரிஞ்சவனை முன்னாடி விடுறான்," என்பான். அவன் மனைவிக்கு அன்று பிற்பகல்தான் டூட்டி. ஆனால் காலை எட்டரைக்கே தோளில் கனமான பையோடு கிளம்பினாள்.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றேன் படிக்கட்டிலிருந்து.

"ஓய்வு அறைல காத்து நல்லா வரும் மாமா," என்றாள்.

ஜனவரி மாதத்தில் காற்று யாருக்கு வேண்டும்? குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவுமில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் தம்பி உள்ளே போனான். குழுவைத் தேடிக் கண்டுபிடித்தான். ஆறு பேரும் இருந்தார்கள். நடுவில் கடைவாயும் இருந்தான். திரையில் ஓடிய பேச்சைத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினான்.

"நான் கடைவாய்," என்று இவன் எழுதியிருக்கிறான்.

கேப்டன்: "கடைவாய் இங்கதான் இருக்கான். காலைல ஒருத்தன் நான்தான் கம்பெனி முதலாளின்னு வந்தான். அவனையும் வாசல்லதான் நிக்க வெச்சோம்."

"கேப்டன், சத்தியமா நான்தான். ஏதாவது கேளுங்க."

"சரி. கறுப்புக் கிணத்துல ஒன்பது தடவை எல்லாரும் செத்தோமே. அப்ப நீ என்ன பண்ணின?"

"யார் யார் எங்க தப்புப் பண்ணினாங்கன்னு பட்டியல் போட்டுக் கொடுத்தேன்."

"இல்லை. ஒவ்வொருத்தரோட சாவுக்கும் ஒரு ஒப்பாரி எழுதிச் சிரிக்க வெச்ச. அதனாலதான் பத்தாவது தடவை போனோம். நீ வேற இடம் பாரு தம்பி."

இந்தப் பேச்சு நடக்கும்போது போலிக் கடைவாய் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தம்பிக்கு அதுவே பெரிய அத்தாட்சி. "குற்றமுள்ள நெஞ்சு, அண்ணா. வாயைத் தெறந்தா மாட்டிப்பான்."

அதன்பின் பத்து நாள் மாடியில் எனக்குச் சாந்தி இல்லை. முதலில் ஆறு பேரில் ஒருவன் ரகசியத்தை விற்றுவிட்டான் என்றான். பிறகு கம்பெனிக்காரனே பழைய ஆட்களைப்போல் பொம்மை ஆட்களைச் செய்து, பழைய வாடிக்கையை இழுக்கிறான் என்றான். பிறகு கேப்டனே கேப்டன் இல்லை என்றான். அவன் சொல்லாத பெயர் ஒன்றுதான். எனக்குத் தோன்றிய பெயரும் அதுதான். ஆனால் நிலையத்தில் நாங்கள் பார்த்ததை எழுதுவோம். நினைத்ததை எழுதப் பதிவேட்டில் பத்தி கிடையாது. ஆகவே சும்மா இருந்தேன். அது சரியா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெயர் சம்பந்தமான புகார்களுக்குக் கம்பெனி ஜனவரி 31 பிற்பகல் மூன்று மணி வரை நேரம் கொடுத்திருந்தது. அன்று மதியம் தம்பி ஓடி வந்தான்.

"அண்ணா, உன் டெலிபோன் நோட்டு இருக்கா? நான் விளையாடின தேதியெல்லாம் அதுல இருக்கும். என் வரிகளை மட்டும் படம் பிடிச்சுக் கொடு."

"பாதியைக் கொடுத்தா அது பதிவே இல்லைடா. கொடுத்தா முழுசாக் கொடுப்பேன். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி நீ வாசிக்கணும்."

"இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. அறுபத்திநாலு பக்கத்தை எப்ப வாசிக்கிறது? உன் எழுத்தை நான் எதுக்குச் சந்தேகப்படணும்?"

வாழ்க்கையில் அவன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒன்றுதான். என்னை நம்பினான். 64 பக்கமும் புகாரோடு போயிற்று: என் பெயரைத் திருடியவரின் கணக்கை ரத்து செய்யவும்.

போன பிறகு, பழக்கதோஷம், உட்கார்ந்து வாசித்தான். ஆறு மணிக்கு மாடிப்படியில் அவன் காலடி மெதுவாகக் கேட்டது.

"அண்ணா, காலைல பத்து மணிக்கு, பதினொண்ணுக்கெல்லாம் கம்பி அடைபட்டிருக்கு. அப்ப நான் லேப்ல. யார்ங்கிற பத்தில தம்பி மனைவின்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி நேரம்."

"பதினைஞ்சு நிமிஷத்தையும் சேத்துக்கோ."

"நீ ஏன் சொல்லலை?"

"அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. எழுதுறதை எழுதிக்கோங்க மாமா, வாசிச்சு மட்டும் காட்டாதீங்கன்னா. நீயும் இந்த இருபத்திரண்டு வருஷத்துல நோட்டைக் கேட்கலை."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பத்தே கால் மணிக்கு அவள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் பேசினார்கள். நான் கீழே போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது.

"என் கணக்கு, என் பாஸ்வேர்டு," என்றான் தம்பி.

"ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருந்தீங்க. சந்தேகமெல்லாம் வெளியில இருக்கிறவங்க மேலதானே." பையைக் கீழே வைக்கும் சத்தம். "நீங்க ராத்திரி எழுப்பிவிட்ட ஆளுங்களைத்தான் நான் காலைல எழுப்பிவிட்டேன். அது மூடினப்ப நீங்க ரெண்டு வாரம் படுத்துக் கிடந்தீங்க. என்னால அழக்கூட முடியல, ஏன்னு கேட்பீங்களேன்னு. இப்ப போக மாட்டேன்னு நீங்களே சொன்னீங்க. சரி, பேராவது பிழைக்கட்டும்னு நான் எடுத்தேன்."

"முதல் நாள் நான் வந்து நின்னப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? என்கிட்ட சொல்லாம வந்தது நீங்களும்தானே. நீங்க சொல்லுவீங்கன்னு பத்து நாள் பாத்தேன். நீங்க என்னைத் திருடின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

மறுநாள் காலை தம்பி என்னிடம் புகாரை அழிக்க வழி கேட்டான். அனுப்பியதை அழிக்க முடியாது. நிலையத்தில் தப்பான எண்ணை ரப்பர் வைத்து அழிப்பவனுக்கு வேலை போய்விடும். ஒரு கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். அதையே செய்யச் சொன்னேன். பிப்ரவரி 1ஆம் தேதி திருத்தக் கடிதம் போயிற்று: பெயர் என் மனைவியுடையது, திருட்டு எதுவும் இல்லை, தவறு என்னுடையது. மூன்றாம் தேதி, உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில். பன்னிரண்டாம் தேதி, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். இரண்டும் மனிதன் எழுதியதல்ல என்றான் தம்பி. அதில் எனக்கும் சந்தேகமில்லை.

அவள் அந்தப் பன்னிரண்டு நாளும் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. விளையாடவும் போகவில்லை. எப்படியும் பறிபோகிற பெயரோடு என்ன வேலை என்றாளாம்.

பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, குழு மறுபடியும் கறுப்புக் கிணற்றுக்குப் போக நாள் குறித்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தம்பி முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவள் ஜன்னலோரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டில் குழுவின் வாசலில் நின்றபடி ஆறு பேருக்கும் எழுதினான். எழுதியதை அவளுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தான்: நாங்கள் இரண்டு பேர். காலையில் வந்தது என் மனைவி. ராத்திரி வந்தவன் நான். ஒப்பாரி எழுதியவள் அவள். பட்டியல் போட்டவன் நான். நீங்கள் வைத்திருந்தவர்தான் உண்மையான கடைவாய். நான் அவள்மேல் புகார் கொடுத்திருக்கிறேன். இனி அவள் வருவாளா என்று தெரியாது.

பிறகு கேப்டன்: "காலைல ஒரு ஆள், ராத்திரில ஒரு ஆள் மாதிரி இருப்பியே, வேலைக்குப் போயிட்டு வந்தா மனுஷன் இப்படி ஆயிடுறான்னு பாவப்பட்டுக்கிட்டு இருந்தோம். அவங்களைக் கூட்டிட்டு வா. கிணத்துக்கு எப்படியும் ரெண்டு வைத்தியர் வேணும்."

"நான் வந்தா போதாதா?" என்று இவன் எழுதினான்.

"நீ மட்டும் வந்தா பட்டியல் வரும். வேண்டாம்."

ஜன்னலோரம் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம். அவள் எழுந்து தன் மடிக்கணினியை எடுத்து வந்து அவன் எதிரே வைத்தாள்.

"யாரையும் கணக்குக் கேட்கக்கூடாது," என்றாள்.

"கேட்கலை."

"மனசுக்குள்ளயும்."

"அது கஷ்டம்."

அன்று நான்கு முறை எல்லாரும் செத்தார்களாம். ஐந்தாவது முறை அடி ஆழம்வரை போய் வந்தார்கள்.

கம்பெனியின் முடிவு பிறகு வந்தது. நான் கொடுத்த பதிவே சாட்சி. ஒரு பெயரை இரண்டு பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று 64 பக்கமும் தெளிவாகக் காட்டுகின்றனவாம். அது அவர்கள் விதிக்கு முரண். ஆகவே கடைவாய் என்ற பெயர் இருவருக்கும் இல்லை, இனி யாருக்கும் இல்லை. திருத்தக் கடிதத்தைக் கவனித்ததாக ஒரு வரி. பாதியைக் கொடுத்திருந்தால் பெயர் தம்பிக்குக் கிடைத்திருக்கும், அவளிடமிருந்து பறித்து. முழுசாகக் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். "சரி, ரெண்டு பேருக்கும் பேரில்லை. உக்காருங்க, ஆளுக்கு ஒண்ணு யோசிக்கலாம்," என்றாள். தம்பி உட்காரவில்லை. கடிதம் கம்பெனியிலிருந்துதான் வந்ததா என்று முதலில் பார்க்கவேண்டும் என்று பழைய கடிதங்களை எடுக்கப் போனான். அவள் சிரித்தபடி பின்னாலேயே போனாள். இந்த முறை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது அவர்கள் இருவரும். கடிதம் உண்மையானதுதான். வந்த தேதி, 2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை.