கிரியாக் மறைத்த பள்ளத்தாக்கு

கிரியாக் என் கொழுந்தன். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று இந்திகிர்கா ஆற்றுக்கு மேற்கே எல்லாப் பனிமான் மந்தைக் கூடாரத்திலும் பெயர் எடுத்தவன். வாழ்நாளில் அவன் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் அரசாங்கம் அச்சடித்துவிட்டது.

எங்கள் மலையில் மேலே கல், கீழே சேறு, நடுவில் காற்று. நீள ஏரிக்கு வடக்கே இரண்டாவது முகட்டுக்குப் பின்னால் மட்டும், தெற்கு பார்த்த ஒரு பள்ளத்தாக்கு உண்டு. காற்று உள்ளே வராது. பனிமானுக்குத் தீனியான வெண்பாசி கணுக்கால் புதைய வளர்ந்திருக்கும். பனிமான்கள் குட்டி போட அங்கேதான் போகும். அந்த நாட்களில் நாங்களே அங்கே இருமலை அடக்கிக்கொள்வோம். சத்தம் கேட்டாலோ வேற்றாள் வாடை பட்டாலோ தாய்மான் குட்டியைக் கைவிட்டு ஓடிவிடும்.

மேப் போடுகிறவர்கள் வந்தபோது கிரியாக்கைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சங்கிலிச் சக்கர வண்டி பக்கத்துப் பள்ளத்தாக்கில் போன தடத்தில் பாசி கருகியதை அவன் பார்த்திருந்தான். முப்பது வருஷம் ஆகும் அது திரும்ப முளைக்க. அதனால் இரண்டாவது முகடு வந்ததும் அவர்களைச் சேற்று வழியாக மூன்று நாள் சுற்றிக் கூட்டிப் போனான். முகட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை, கல் சரியும் என்று சொல்லிவிட்டான். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த இடத்தை மேகம் மறைத்திருந்ததாம். சந்தேகத்தை அவனிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். மற்ற ஓடைகளையெல்லாம் அவன் கல் பிசகாமல் சொல்லியிருந்தான். இதை மட்டும் ஏன் நம்பமாட்டார்கள்? மேப்பின் அடியில் அவன் பெயரும் ஏறியது.

பதினேழு வருஷம் கழித்து, ஒரு மே மாதம், அவன் மகள் உல்யானாவுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன்; பிள்ளை குறுக்கே கிடந்தது. நான் பதினோரு பிள்ளைகளை எடுத்தவள், இது என் கைக்கு அடங்காது என்று அவனிடம் மறைக்காமல் சொன்னேன். சறுக்குவண்டியில் ஏற்றினால் கணவாயிலேயே இரண்டு உயிரும் போய்விடும் என்றும் சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு ரேடியோ நேரம். அந்த நேரத்தில் எல்லாக் கூடாரமும் தேநீரை வைத்துக்கொண்டு, யார் வீட்டில் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும். கிரியாக் ஹெலிகாப்டர் கேட்டான். விமானத் திடலில் இருந்தவர் ஊருக்குப் புதியவர். மேப்பை விரித்துப் பார்த்துவிட்டு, அங்கே பள்ளத்தாக்கே கிடையாது என்றார்.

"மேப் தப்புங்க," என்றான் கிரியாக்.

"பெரியவரே, இது கிரியாக்னு ஒருத்தர் கூடவே நடந்து போட்ட மேப். அந்த மலையில அவருக்குத் தெரியாத கல்லே இல்லையாம். நீங்கதான் வழி தவறி எங்கயோ நிக்கிறீங்க."

"நான்தாங்க அந்தக் கிரியாக்."

ரேடியோவில் ஏதோ ஒரு கூடாரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குச் சொல்றீங்களா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். உல்யானா துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"அன்னிக்குங்க," என்றான்.

மேப்பில் இல்லாத இடத்துக்கு அனுப்ப அந்த மனிதருக்கு அதிகாரம் இல்லை. நீள ஏரி மேப்பில் இருந்தது. அதுவரை வரும் என்றார். கிரியாக் இரண்டு நல்ல மான்களைப் பூட்டிக்கொண்டு போனான். மதியத்துக்குள் ஏரியை எட்டி, ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டான்.

அப்புறம் நடந்ததை அவன் சொல்லவில்லை, பைலட் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மேலே போனதும் இவனுக்கு ஒன்றும் புரியவில்லையாம். காலால் தெரிந்த மலை கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லா முகடும் ஒரே முகடாகத் தெரிந்ததாம். "உங்க மேப்பும் சரியில்ல, நீங்களும் சரியில்ல," என்று பைலட் திட்டியிருக்கிறார். இரண்டு தடவை தவறான பள்ளத்தில் இறங்கப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில், ஊற்று வழிந்து வழிந்து உறைகிற எங்கள் பச்சைப் பனித்தட்டு கண்ணில் பட்டிருக்கிறது. ஜூலை வரை உருகாத தட்டு அது.

இறங்கிய சத்தத்தில் மந்தை முழுக்கச் சிதறி ஓடியது. தாயில்லாமல் நின்ற குட்டிகளை நான் எண்ணவில்லை. கிரியாக்கும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகளைப் போர்வையோடு தூக்கி உள்ளே கிடத்திவிட்டு, பைலட்டின் கையைப் பிடித்துக்கொண்டான். மேப்பில் இந்த இடத்தைப் போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். ஓடை எங்கே திரும்புகிறது, எங்கே இறங்கலாம், எல்லாவற்றையும் விரலால் பனியில் வரைந்து காட்டினான்.

பைலட் பென்சிலை எடுக்கவில்லை.

"போட்டா என்னைத்தான் கேப்பாங்க, பெரியவரே. பாறையில எப்படிய்யா இறங்கினன்னு. நான் ஏரிக்கரையில ஏத்துனதாதான் எழுதப்போறேன்."

உல்யானாவை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிழைக்க வைத்தார்கள். பெண் பிள்ளை.

அதற்கப்புறம் கிரியாக் ஒரு சட்டம் போட்டான். பிள்ளைத்தாய்ச்சி யாரும் மே மாதத்தில் பள்ளத்தாக்குக்கு வரக்கூடாது. மேப்பில் இருக்கிற ஏரிக்கரையில்தான் கூடாரம். அங்கே அடிக்கிற காற்றுக்குக் கூடாரத்தின் நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும், தேநீர் கொதிக்க அரைநாள் ஆகும். உல்யானா அடுத்த பிள்ளைக்கு அங்கே ஒரு மாதம் கிடந்தாள். அப்பனை அவள் திட்டிய திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லமாட்டேன்.