சகலையின் இடது செருப்பு

இந்தக் காலத்தில் மனுஷன் சொன்னால் எவனும் நம்புவதில்லை. போன் சொன்னால் நம்புகிறான். "சார்ஜர் காலி" என்று போன் காட்டும். போய்ப் பார்த்தால் நாலு வண்டி நிற்கும். நான் சொல்லப்போவதையும் நம்ப மாட்டீர்கள். போங்கள். நடந்தது நடந்ததுதான்.

எங்கள் ஊரில் பேட்டரி வண்டிகளுக்குப் பொதுச் சார்ஜர் ஒன்றே ஒன்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால். வரிசையில் நிற்க நேரமில்லாதவன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி இடம் போட்டுவிட்டுப் போவான். செருப்பு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. யாரும் தொடக்கூடாது.

நானும் என் சகலையும் பேட்டரி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எனக்குப் பின்னால் வந்தவன், எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் நிற்பான். மாமனார் வீட்டில் அவனுக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். வண்டியும் புதுசு. பார்த்தாலே வயிறு எரியும்.

அன்று பிரெட் கம்பெனி முதலாளி எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். "நாளைக்கு விடியக்காலைல யாரு வண்டி முதல்ல கேட்ல நிக்குதோ, வருஷம் பூரா லோடு அவங்களுக்குத்தான்."

ராத்திரி ஏழே கால். சார்ஜருக்குப் போனேன். ஒரு வண்டியும் இல்லை. முதல் இடத்தில் அவனுடைய நீல வார் செருப்பு மட்டும். இடது கால்.

"இங்கயும் நீதானா?"

ஒரு எத்து விட்டேன். சுவரோரம் போய் விழுந்தது. வயரைச் செருகினேன். வண்டி மீட்டரில் பதினாலு பர்சென்ட். ஏறி உட்கார்ந்தேன்.

டப்...

கொஞ்சம் பொறுத்து மறுபடி. டப்... ஒற்றைக் காலில் மட்டும் செருப்புப் போட்டவன் நடக்கிற சத்தம்.

"யோவ் சகலை! விளையாட்டெல்லாம் உன் வீட்ல வச்சுக்க!"

எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. செருப்பு என் முன் சக்கரத்துக்கு முன்னால் கிடந்தது. சொட்டச் சொட்ட ஈரம்... மழையே இல்லை.

மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு.

ஏற வேண்டியது இறங்குகிறது!

ஒன்பது... ஆறு...

டப். பக்கத்திலேயே.

வயரைப் பிடுங்கப் போனேன். பிடியெல்லாம் ஈரம்... யாரோ பிடித்திருந்த சூடு...

மூன்று.

போன் அடித்தது. மனைவி. அழுகை.

"எங்கங்க இருக்கீங்க? தங்கச்சி வீட்டுக்காரர் போயிட்டாருங்க..."

"எங்க போனான்?"

"வாய்க்கால் மேட்டுல சார்ஜ் தீந்து, வண்டி பின்னால உருண்டு தண்ணிக்குள்ள விழுந்துருச்சாம். சாயங்காலமே முடிஞ்சிருச்சு..."

நடந்தே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வண்டியை வாசலில் இழுத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். சேறு வடிந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்த அவன் மகன் ஓடி வந்தான்.

"பெரியப்பா, நீங்களா சார்ஜ் போட்டீங்க? லைட்டு தானா எரியுது!"

மீட்டரைப் பார்த்தேன். பதினொன்று.

என்னுடையதில் குறைந்ததும் பதினொன்றுதான்.

விடிந்ததும் பிரெட் கம்பெனி முதலாளி துக்கம் கேட்க வந்தார். லோடை அந்தப் பையனுக்கே கொடுத்துவிட்டார். செத்தும் முந்திக்கொண்டான் பாருங்கள்.

வண்டியை எடுக்கப் போனேன். முதல் இடத்தில் நீல வார். அதற்குப் பின்னால் என் வண்டியோடு சேர்த்து ஆறு வண்டி. ஒருத்தனும் தொடவில்லை.

பேயாவது பிசாசாவது. தண்ணீர் பட்ட மீட்டர் எதையாவது காட்டும். என் பேட்டரி பழசு. அவ்வளவுதான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

பின்னால்... டப்...

திரும்பவில்லை. எவனாவது நடந்து போயிருப்பான்.