கூட்டிய வேகமும் சாத்திய ஜன்னலும்

என் வீட்டுக்காரர் கிஷாந்துக்கு உலகத்தில் இரண்டே கவலைகள். ஒன்று நான். மற்றது அவருடைய கம்ப்யூட்டரின் வேகம். இதில் எது முதலில் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்தால் சண்டை வரும்.

வட்டவளைக்கு மேலே, குளிர் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். நான் முன்பள்ளி டீச்சர். அவருக்கு ஹட்டனில் போனும் கம்ப்யூட்டரும் திருத்தும் கடையில் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் பழைய சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி அவரே சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர். அதில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு. மற்ற நாலு பேரும் கண்டிப் பக்கம். "அங்க யாரும் என்னைத் தோட்டத்தான்னு பார்க்கிறதில்ல டெல்சி, அடிக்கிற அடியைத்தான் பார்ப்பாங்க" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டுவதில்லை. கொஞ்சமாகத்தான் திட்டுவேன்.

வினை அந்த அணியின் தலைவர் சுதாகரன் மூலம் வந்தது. "உங்க படம் திக்கித் திக்கி ஓடுது கிஷாந்த். ஞாயித்துக்கிழமை மேட்ச்சிலயும் சொதப்பினா வேற ஆளைத்தான் போடணும். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

புது புராசசர் வாங்க வழியில்லை. இருக்கிற புராசசரையே கம்பனி குறித்த வேகத்துக்கு மேலே முடுக்கிவிடலாமாம். ஓவர்க்ளாக் என்று பெயர். முடுக்கினால் சூடேறும், சூடு மிஞ்சினால் அப்படியே நின்றுவிடும். அதற்கும் இவர் வழி வைத்திருந்தார்.

"கொழும்புக்காரன் காசு குடுத்து வாங்குற குளிரு நமக்குச் சும்மா கெடைக்குது" என்று மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தார். அந்த வாரம் முழுவதும் நான் இரண்டு கம்பளிக்குள் தும்மிக்கொண்டு கிடந்தேன். கம்ப்யூட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை.

மிச்சமிருந்தது கரண்ட் கவலை. லயம் முழுக்க ஒரே பழைய வயர். ஞாயிறு சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஸ்கூல் உடுப்புக்கு அயன் போடுவார்கள், ரைஸ் குக்கரும் ஏறும். கரண்ட் குறைந்து பல்ப் மஞ்சளாகிவிடும்; கம்ப்யூட்டரும் நின்றுவிடுமோ என்று இவருக்குப் பயம். இவர் வீடு வீடாகப் போய், "மேட்ச் முடியுற வரைக்கும் அயன், குக்கர் போடாம இருக்க முடியுங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா, "வெறகடுப்பு எதுக்குங்க இருக்கு? நீங்க ஜெயிச்சுட்டு வாங்க தம்பி" என்றார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை லயம் முழுக்க அடுப்பு மூட்டினார்கள். மழைக்கு நனைந்த விறகு. இவர் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தபோது அத்தனை அடுப்புப் புகையும் எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. இவர் இருமினார், கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, திரையே தெரியவில்லை. ஒரு கையால் மௌஸைப் பிடித்தபடி மறு கையால் ஜன்னலைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம்தான். படம் அப்படியே உறைந்துபோனது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது மேட்ச் முடிந்திருந்தது. சுதாகரனின் செய்தியும் வந்திருந்தது. அடுத்த முறைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம்.

நான் வாசலுக்கு வந்து, "நின்னுருச்சு" என்றேன். அவ்வளவுதான், யார் வீட்டில் பிளக் செருகினார்கள் என்று வெளியே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. வீரம்மா அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"நான்தாங்க தம்பி. புள்ள அழுதுச்சுன்னு பால் கரைக்கச் சுடுதண்ணிக்குக் கரண்ட் கேத்தல் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

இவர் ஒரு தலையாட்டுத் தலையாட்டியிருந்தால் போதும், லயமே நம்பியிருக்கும். நானே நம்பியிருந்தேன். இவர் வெளியே வந்தார்.

"இல்லக்கா. கரண்ட்டு கொறையவே இல்ல, பல்ப்பு நல்லாத்தான் எரிஞ்சுச்சு. வேகத்தைக் கூட்டி வச்சிட்டு நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். சூடேறி நின்னுருச்சு. கூட்டாம விட்டிருந்தா ஓடியிருக்கும். படம் திக்கினதும் புராசசரால இல்ல, பழைய கிராபிக்ஸ் கார்டாலதான். கடைக்கு வர்றவங்களுக்கு நானே இதைத்தான் சொல்லுவேன். எனக்குன்னு வந்தப்ப கேக்கத் தோணல."

அந்த நிமிடம் இந்த மனுஷன்மேல் எனக்கு வந்த ஆசை, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. வீரம்மா அக்கா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். அவர் முகம் மறுபடியும் வாடியது.

"அப்ப ஜன்னலைச் சாத்தினது எங்க அடுப்புப் பொகைக்குத்தானே தம்பி?"

"மூட்டச் சொன்னது நான்தானேக்கா" என்றார். "போய் கேத்தலைப் போடுங்க. எல்லாரும் அயனைப் போடுங்க."

உள்ளே வந்து, வேகத்தைப் பழையபடி குறைத்து வைத்தார். எல்லா வீட்டு அயனும் குக்கரும் ஏற, எங்கள் பல்ப் மஞ்சளானது. ஜன்னலும் சாத்தியே இருந்தது. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்து விளையாடத்தான் ஆள் இல்லை.