ரிப்பன் கட்டிய மெஷினின் பின்பக்கம்

1. எனக்கு முன்பே வந்த ரிப்பன்

மேஜை மேல் வைக்கிற சின்ன சிஎன்சி மெஷின்களை இராமநாதபுரம் சுற்றுவட்டாரப் பட்டறைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இறக்கி, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது என் வேலை. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மரத்திலோ நைலானிலோ அப்படியே வெட்டித் தரும். ஓய்வுபெற எனக்கு இன்னும் சில மாதங்கள்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மேனுவலை எப்படியும் படிக்கப்போவதில்லை. அதனால் மேனுவலில் இல்லாத ஒன்றை எழுதி வைக்கிறேன்.

உச்சிப்புளிப் பக்கம் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே படித்துவிட்டு வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் வேனில் கொண்டுபோய் இறங்கியபோது தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றார், கையில் சிவப்பு ரிப்பனோடு. மெஷினை எந்த அறையில் வைப்பது, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரிப்பன் எத்தனை முழம் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள்.

மெஷினைப் பொருத்தி, ஒரு சின்ன நட்சத்திரம் வெட்டிச் சோதித்துப் பார்த்தேன். உடனே தலைமையாசிரியர் மெஷினின் கண்ணாடி முன்கதவைச் சுற்றி ரிப்பனைக் கட்டினார். நழுவக்கூடாது என்று கைப்பிடியிலும் கீலிலும் செலோ டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினார்.

"சீஃப் கெஸ்ட் வந்து வெட்டுற வரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது சார். அவுக கையாலதான் மொத மொத ஓடணும்."

"எப்ப சார் வாராக?"

"அடுத்த வாரம்."

இது ஆடி மாதம் சொன்னது. தையில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

2. சேகு பாயின் திறப்பு விழா

அதே வாரம், அதே மாடல் மெஷின் ஒன்றைப் புதுமடத்தில் சேகு பாய் பட்டறையில் இறக்கினேன். அவர் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். நான் உள்ளே போவதற்குள் அட்டைப்பெட்டியை அவரே கிழித்துப் போட்டிருந்தார். 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிப் பச்சைப் பட்டனை அமுக்கினார். விழா முடிந்தது.

முதலில் வெட்டியது, வலை இழுக்கும் கப்பிக்கு ஒரு நைலான் சக்கரம். அளவு தப்பிப்போனது. "விடுங்க, பேரனுக்கு வெளையாட வண்டிச் சக்கரம் ஆச்சு" என்றார். இரண்டாவதும் தப்பு. மூன்றாவது கப்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் மெஷின் மேல் டீக்கறை, மரத்தூள், கிரீஸ் எல்லாம் ஏறி, பார்க்க வேலை செய்கிற மெஷின் மாதிரி ஆகிவிட்டது.

அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். "பயலுக எல்லாம் துபாய்க்குப் போயிட்டானுக. ஓட்டத் தெரிஞ்ச பிள்ளை இருந்தாச் சொல்லுங்க. ஆணா பொண்ணான்னு பார்க்கல. மெஷினை உடைக்காம இருந்தாப் போதும்."

3. துடைக்கும் வகுப்பு

ஐப்பசியில் ஜெசிமா டீச்சர் போன் செய்தார். அந்தப் பள்ளியில் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர்.

"அண்ணே, மெஷினைப் போர்டுல வரைஞ்சு பாடம் நடத்துறேன். மெஷின் பக்கத்து ரூம்லதான் இருக்கு. பிள்ளைக ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துப் படம் போடுதுக."

உயிரியல் பூங்காவில் புலிக்குக்கூட இவ்வளவு பாதுகாப்புக் கிடையாது. சேகு பாய் ஆள் தேடுவதை அவரிடம் சொன்னேன். உடனே ஒரு மாணவியின் பெயரைச் சொன்னார்: நாகஜோதி. பரீட்சை முடிந்ததும் அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாக அவள் அய்யா முடிவு செய்திருந்தார். அவளுக்குப் போக மனசில்லை. இங்கேயே ஒரு வேலை கிடைத்தால் தப்பிக்கலாம். ஆனால் மெஷினைத் தொட்டே பார்க்காத பிள்ளையை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். "சார், கடல்காத்துல மெஷின் துருப்பிடிச்சிரும். அப்பப்ப ஓட்டணும்."

"ஓட்டிட்டா அப்புறம் அவுக வந்து எதைத் திறந்து வைக்கிறது?" என்று கேட்டார். துருவைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், "வாரத்துக்கு ஒருக்கா துடைச்சு எண்ணெய் போட்டுக்கங்க. ரிப்பன்ல மட்டும் கை படக்கூடாது" என்று இறங்கி வந்தார்.

அந்த மாடலில் பின்பக்கம் ஒரு தகடு உண்டு. நான்கு திருகைக் கழற்றினால் கை நுழைகிற அளவுக்கு வழி கிடைக்கும். உள்ளே விழும் தூளை அள்ளுவதற்காக வைத்தது. அதன் வழியாக நைலான் துண்டை உள்ளே வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, தகட்டை மறுபடி மூடிவிட்டால் மெஷின் தாராளமாக ஓடும். முன்கதவைத் தொடவே வேண்டாம். ரிப்பன் பூப்போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கும். "தகட்டை மூடாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது, கண்ணாடி போடாம கிட்ட வரக்கூடாது" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அப்படித்தான் துடைக்கும் வகுப்பு தொடங்கியது. எண்ணெய்க் குப்பியும் பழைய துணியுமாகப் பிள்ளைகள் உள்ளே போவார்கள், நைலான் சக்கரங்களோடு வெளியே வருவார்கள். சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்டது. பக்கத்து ஐஸ் பிளான்ட் என்று அவரே முடிவு செய்துகொண்டார். நாங்கள் மறுக்கவில்லை.

நாகஜோதி முதல் நாளே, வெட்டுகிற பிட்டை உடைத்துவிட்டு அழுதாள். டீச்சர் திட்டவில்லை, இன்னொரு பிட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மார்கழிக்குள் அவள் வெட்டிய கப்பிச் சக்கரத்தைச் சேகு பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

"பள்ளிக்கூடத்துல மெஷின் துடைக்கிற பிள்ளை."

"நல்லாத் துடைக்குதே!" என்றவர், உடனே சுதாரித்துக்கொண்டார். "டீச்சரம்மா வெட்டிட்டுப் பிள்ளை பேரைச் சொல்லுதோ என்னமோ. அது ஓட்டுறதை நான் கண்ணால பார்க்கணும். அப்பத்தான் வேலை."

இதற்கு நடுவில் திறப்பு விழாவுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டது. டீச்சர் ஏற்றுக்கொண்டார். திறக்கப்படாத மெஷின், தன்னுடைய திறப்பு விழாப் பலகையைத் தானே வெட்டிக்கொண்டது. விருந்தினர் தேதியை மாற்றிக்கொண்டே இருந்ததால் மூன்று முறை வெட்டியது. தலைமையாசிரியர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மதுரையில குடுத்தீங்களா டீச்சர்? ஃபினிஷிங்கே தனி" என்றார்.

4. கதவு

மாசியில் ஒருவழியாக விருந்தினர் வந்தார். மேளம், சால்வை, மறுபடி சால்வை. பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் என்ற முறையில் சேகு பாய் முன்வரிசையில் இருந்தார். நாகஜோதியின் அய்யா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரிப்பனை வெட்டினார்கள். கைதட்டல். விருந்தினர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை.

மெஷினில் எண்ணெய் படாத இடமே இல்லை, ரிப்பனுக்கும் டேப்புக்கும் அடியில் இருந்த அந்தக் கீலைத் தவிர. அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. கடல்காற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. கீல் துருவேறி இறுகிக் கிடந்தது. விருந்தினர் இழுத்தார், தலைமையாசிரியர் இழுத்தார், பெற்றோர் சங்கத் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு இழுத்தார். மெஷின் மேஜையைவிட்டு எழும்பியதே தவிர, கதவு அசையவில்லை.

"புதுசு பாருங்க, அப்படித்தான் டைட்டா இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சரைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. பின்பக்கத்தைத் திறந்தால் இத்தனை மாத வண்டவாளம் வெளியே வந்துவிடும், அவர் மெமோ வாங்க வேண்டியிருக்கும். திறக்காவிட்டால் கதவு உடையும், சேகு பாய் எதையும் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்.

"சார், இழுக்காதீங்க, உடைஞ்சிரும்!"

நாகஜோதிதான். எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக மெஷினின் பின்பக்கம் போனாள். நான்கு திருகையும் கழற்றினாள், துண்டை வைத்தாள், கிளாம்ப் போட்டாள், தகட்டை மூடினாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். மூடிய முன்கதவு வழியே வெள்ளை வெள்ளையாக நைலான் சீவல் பறப்பது தெரிந்தது.

இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்ற யோசனை தலைமையாசிரியர் முகத்தில் ஓடியது. அவர் மெதுவாக ஐஸ் பிளான்ட் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அதற்குள் விருந்தினர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். "பார்த்தீங்களா! ரிப்பன் வெட்டிப் பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க! இதுதான் வளர்ச்சி!"

திறந்த வாயை மூடிக்கொண்டு தலைமையாசிரியரும் தட்டினார். பிறகு மைக்கில், மாணவிகளைத் தொடக்கத்திலிருந்தே தான் ஊக்குவித்து வந்ததாகச் சொன்னார். அவர் தந்த ஊக்கம் அந்த ரிப்பன் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே நானும் தட்டினேன்.

சேகு பாய் எழுந்துபோய், சூடு ஆறாத சக்கரத்தை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். பிறகு கதவோரம் நின்றவரிடம் போனார்.

"ஏப்பா, பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பப் போறியாமே? சைக்கிள்ல வந்துபோற தூரத்துல நான் இருக்கேன்ல?"

"பொம்பளப் பிள்ளை பட்டறையில எப்படி பாய்..."

"நீயும் கூட வந்து ஒக்காரு. டீ வாங்கித் தாரேன்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தகட்டைக் கழற்றி உள்ளே விழுந்த சீவலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை நிஜமாகவே. "சரி, பரீட்சை முடியட்டும் பாய்" என்றார்.

5. மேனுவலில் இல்லாதது

கீலை அன்று சாயங்காலமே சரிசெய்து கொடுத்தேன். விருந்தினர் வெட்டிய ரிப்பன் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், கோபமும் வரும். வெட்டுகிற வேலையைக் கற்கவேண்டிய பிள்ளைகளை, ரிப்பன் வெட்டுகிறவருக்காக ஆடியிலிருந்து மாசிவரை காக்க வைத்தோம்.

நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் மெஷின் இறக்கினாலும், கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் டீச்சரைக் கூப்பிட்டுப் பின்பக்கத் தகட்டின் நான்கு திருகையும் காட்டிவிடுங்கள். எதற்கு என்று கேட்டால் துடைக்க என்று சொல்லுங்கள்.

போன வாரம் சேகு பாய் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே மெஷினின் முன்கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. நாகஜோதி நைலான் துண்டை எடுத்துக்கொண்டு வந்தவள், நேராக மெஷினின் பின்பக்கம் போய் நின்றாள்.

"முன்னாடி வாம்மா, திறந்துதானே இருக்கு" என்றேன்.

"அங்கன நின்னு பழக்கமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, முதல் திருகைக் கழற்றினாள்.